துடைத்த தைலம்

கழியின் இரும்பு முனையால் விவினா பனிக்கட்டியைக் குத்தி உடைத்தாள். இரவில் உறைந்த மேலோடுதான். குத்தியதும் விரிசல் விட்டு, படகின் மூக்குக்கு முன்னால் தகடு தகடாக விலகியது. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் எழுந்த சத்தம் கரையோரத்து வீடுகளை எல்லாம் கதவு தட்டி எழுப்புவது போலிருந்தது அவளுக்கு. பின்னால், அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளின் குவியலுக்கு அடியில், கிழிந்த பாய்த்துணியைப் போர்த்திக்கொண்டு யோஸ் சாமியார் ஒடுங்கிப் படுத்திருந்தார். வழியில் டம்மே ஊரைத் தாண்டியதிலிருந்து அவருக்கு விடாத இருமல்.

“சாமி, நீர்வாசல் வருது. கொஞ்சம் அடக்கிக்குங்க.”

“நான் சொன்னா அது கேக்குமா மகளே?” என்றார் அவர் துணிக்கடியிலிருந்து. “எனக்கு இப்ப யாரு கட்டுப்படுறா, இருமல் கட்டுப்பட?”

புரூஜ் நகரத்துக்குள் கால்வாய் நுழைகிற இடத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சங்கிலி குறுக்காகக் கிடந்தது. காவலாளி கோப்பின் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு படித்துறைக்கு இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“என்ன விவினா, படகை நீ ஓட்டிட்டு வர்ற? ஒம் புருஷன் எங்க, குடிச்சிட்டுக் கவுந்துட்டானா?”

“மதகுல நசுங்கிட்டாரு அண்ணே. முந்தாநேத்து. படகுக்கும் சுவருக்கும் நடுவுல.”

கோப்பினின் சிரிப்பு நின்றது. அவள் புருஷன் லாம்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் வாயில் ரத்தம் வருகிறது என்று அவள் சொன்னாள். மாதா பார்த்துக்கொள்வாள் என்று முணுமுணுத்தபடி, வழக்கம்போலத் தன் அடுப்புக்கு இரண்டு கட்டிகளை எடுத்துக்கொண்டான். மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது குவியலுக்குள்ளிருந்து இருமல் வந்தது. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த இருமல்.

கோப்பின் கையை இழுத்துக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான்.

“கரிமண்ணுக்கும் சளி புடிச்சிருக்கு போல,” என்றான். “சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போ.”

சங்கிலி இறங்கியது. அவன் காப்பாற்றினானா, இல்லை சாயங்காலம் போய்ச் சொல்லப்போகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோமாபுரிப் பக்கத்துச் சாமியார் ஒருவருக்கு மாவு அறையில் இடம் கொடுத்த ரொட்டிக்காரனைப் போன மாதம்தான் கடையைப் பூட்டி, பிள்ளைகுட்டிகளோடு ஊரைவிட்டுத் துரத்தியிருந்தார்கள். விவினா கழியை ஊன்றிப் படகை உள்ளே தள்ளினாள். 

அவளுக்குக் கல்யாணமான வருஷம் தொடங்கிய வினை அது. ரோமாபுரியில் ஒரு பாப்பரசர், அவிஞோனில் இன்னொரு பாப்பரசர். இவரை அவர் சபித்தார். அவரை இவர் சபித்தார். இவர் பட்டம் கொடுத்த சாமியார்கள் சாமியார்களே இல்லை என்றார் அவர். அவர்கள் வைக்கிற பூசை பூசையே இல்லை என்றார் இவர். பல வருஷங்கள் அது எங்கோ பெரிய வீட்டுச் சண்டை போலத் தொலைவில்தான் இருந்தது. இந்த ஃபிளாண்டர்ஸ் மண்ணின் சனங்கள் ரோமாபுரிப் பக்கம் நின்றார்கள், அதைப் பற்றி யோசிக்காமலே. பிறகு பிரெஞ்சு ராஜாவின் சித்தப்பா இந்த மண்ணுக்குப் பிரபுவாக வந்தார். அவர் அவிஞோன் பக்கம். ஆணை வந்தது, கோயில்களில் சாமியார்கள் மாற்றப்பட்டார்கள். விவினாவுக்கும் லாம்சினுக்கும் கல்யாணம் செய்துவைத்த யோஸ் சாமியார் ஒரே இரவில் காணாமல் போனார். அவருடைய இடத்துக்குப் பிரெஞ்சு நாட்டுப் பிகார்தியிலிருந்து திபோ என்று ஒரு சின்னச் சாமியார் வந்தார். ஒல்லியான பையன் போலிருப்பார். ஊர்ப் பாஷை பாதிதான் தெரியும்.

இந்தச் சண்டை தொடங்கிய நாளிலிருந்து மோட்சத்துக்குள் ஓர் ஆத்துமாகூட நுழையவில்லையாம், எல்லாம் கதவுக்கு வெளியே குளிரில் நிற்கின்றனவாம் என்று மீன்சந்தையில் பேசிக்கொண்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். விவினாவால் சிரிக்க முடிந்ததில்லை. அவளுடைய அம்மா செத்தது இந்த வருஷங்களில்தான்.

போன பாஸ்குவுக்கு, ஆண்டவர் உயிர்த்த பண்டிகைக்கு, ஊரில் பாதிப் பேர் கென்ட் நகரத்துக்குப் போனார்கள். அங்கே பிரபுவின் ஆணை செல்லவில்லை. பழைய சாமியார்களே இருந்தார்கள். விவினாவும் போனாள். லாம்சின் போகவில்லை. கென்டுக்குப் போகிற படகுக்காரர்களுக்கு அடுத்த நாள் முதல் நீர்வாசல் திறக்காது என்று பேச்சு இருந்தது. அவன் உள்ளூர்க் கோயிலிலேயே திபோவின் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டான். அவள் திரும்பி வந்து அழுதபோது சிரித்தான்.

“நீ அந்த வாசல்ல நில்லு, நான் இந்த வாசல்ல நிக்கிறேன். எந்தக் கதவு தெறந்தாலும் தெறந்த பக்கத்து ஆளு மத்த ஆளைக் கையைப் புடிச்சு உள்ள இழுத்துக்கலாம்.”

மதகில் நசுங்கிய பிறகு அவன் அப்படிப் பேசவில்லை. நேற்று சாயங்காலம் அவள் கையைப் பிடித்து, “யோஸ் சாமி எங்க இருக்காருன்னு தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றாள். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். விடிவதற்குள் கிளம்பிவிட்டாள்.

ஒளிந்திருந்த பண்ணைவீட்டில், படகில் ஏறுமுன் யோஸ் சாமியார் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பிகார்திப் பையன் இன்னும் வந்து சாகிறவர்களுக்கான தைலத்தைப் பூசவில்லையே? இல்லை என்றாள் அவள்; அப்போது அது உண்மை. “பூசியிருந்தா நான் வந்து பிரயோசனம் இல்ல,” என்றார் அவர். “கூமுட்டை ஒடைச்ச சட்டியில நல்ல முட்டையை ஊத்துனா ரெண்டும் நாறிப்போகும். மொதல்ல ஒம் புருஷன் சாட்சி வச்சு அந்தப் பக்கத்தைக் கைகழுவணும். தவசு இருக்கணும். அப்புறந்தான் நான் தொட முடியும்.”

வீட்டின் பின்பக்கப் படித்துறையில் படகைக் கட்டினாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை அசையாதீர்கள் என்று குவியலிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே கால் வைத்ததும் வாசனை அடித்தது. மெழுகு வாசனை ஒன்று. அதற்கு அடியில் இன்னொன்று. வெண்ணெயிலும் பன்றிக்கொழுப்பிலும் சமைக்கிற ஊரில் ஒலிவ எண்ணெய் வாசனை ஓர் இடத்தில்தான் வரும். ஞானஸ்நானத்தில் வரும், பிறகு சாவில் வரும்.

லாம்சினின் அக்காள் அலெய்டிஸ் அடுப்போரமாக நின்றிருந்தாள். புருஷனை இழந்தவள், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன.

“வந்துட்டுப் போயிட்டாரு,” என்றாள். “அதுக்குள்ள கத்தாத. விடிஞ்சதும் மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. நீலம் பாஞ்சிடுச்சு மொகத்துல. நீ எங்க போனன்னு எனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமில்லாம போகவிடச் சொல்றியா என் தம்பியை?”

“யோஸ் சாமியைக் கூட்டியாந்திருக்கேன் மதினி.”

அலெய்டிஸ் பின்கதவைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் அப்படியே பயமாக மாறியது.

“எங்க?”

“படகுல.”

 சுவரோரக் கட்டிலில் லாம்சின் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஈரத் தோல்பையைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். விவினா அவனருகே போனாள். கண்ணிமைகளில், காதுகளில், மூக்கின் ஓரத்தில், உதட்டில், உள்ளங்கைகளில் எண்ணெய் மினுங்கியது. போர்வையை விலக்கினாள். பாதங்களிலும்.

அவன் விழித்திருந்தான். “அந்தப் பையன் நல்லாத்தான் பண்ணான்,” என்றான் மெல்ல. “நான் சொன்ன பாவத்துல பாதி அவனுக்கு வெளங்கல. திரும்பித் திரும்பிக் கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துச்சு.” சிரிக்கப் பார்த்தான். விலா அனுமதிக்கவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தவன், “அவரு வந்துட்டாரா?” என்றான்.

தலையசைத்தாள்.

“அப்ப என்னடி பண்றது?”

அவன் குரலை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. புயலில் படகு கவிழ்ந்து கரை சேர்ந்த நாளில்கூட அவன் அப்படிப் பேசவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கிற சட்டியில் சாம்பலை அள்ளிப் போட்டு வெந்நீரை ஊற்றினாள். சாக்குத்துணி ஒன்றைக் கிழித்தாள். அலெய்டிஸ் புரியாமல் பார்த்துக்கொண்டே இருந்து, அவள் கட்டிலருகே மண்டியிட்டதும் புரிந்து ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அர்ச்சிச்ச தைலம்டி அது.”

“செல்லாத தைலம் மதினி.”

“செல்லாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? செல்லும்னா? அது செல்லும்னா நீ இப்ப என்ன காரியம் பண்றன்னு தெரியுமா?”

விவினாவுக்குத் தெரியவில்லை.  அந்த எண்ணெய் வெறும் எண்ணெய் என்றால், அவள் புருஷன் ஒன்றுமில்லாமல் கிடக்கிறான். அது தைலம்தான் என்றால், கடவுளின் கை பட்ட இடத்தை அவள் சாம்பல் போட்டுத் தேய்க்கப் போகிறாள். இரண்டில் எது என்று சொல்லக்கூடியவராக இந்த உலகத்தில் ஒரு பாப்பரசர் இருந்தார். இப்போது இருவர் இருக்கிறார்கள்.

“கையை விடுங்க மதினி. அவரு கேட்டது யோஸ் சாமியை.”

அலெய்டிஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் கை தளர்ந்தது.

காதோரத்திலிருந்து தொடங்கினாள். எண்ணெய் லேசில் போகவில்லை. குளிரில் தோலோடு ஒட்டியிருந்தது. இமைகளைத் தேய்த்தபோது அவன் பல்லைக் கடித்தான். உதட்டில் சாம்பல்நீர் பட்டதும், “எரியுதுடி,” என்றான். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. குழந்தை போலக் கைகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொடுத்தான். கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கைகள் அவை. காய்ப்பின் வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. விரல்நகத்தால் வழித்தெடுத்தாள். பாதங்களை முடித்தபோது தேய்த்த இடமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. சட்டித் தண்ணீரை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. சாக்கடையில் கொட்டப் பயமாக இருந்தது. கடைசியில் அடுப்புச் சாம்பல் குழியிலேயே ஊற்றினாள். அது சீறி ஆவியாக எழுந்தபோது அலெய்டிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெழுகுதிரிகளை அணைத்து, புகை கலைவதற்காகக் கதவைத் திறந்துவைத்து, பிறகுதான் படகுக்குப் போனாள்.

யோஸ் சாமியார் கரிமண் தூசியோடு உள்ளே வந்தார். கண் பார்வை மங்கிப்போயிருந்தது. ஒரு வருஷத்துக்குள் அப்படிக் கிழடு தட்டியிருந்தார். அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து ஈயக்குப்பியை அவிழ்த்தார். சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர், ரோமாபுரிப் பக்கத்து உண்மையான ஆயர், மந்திரித்த எண்ணெய் என்றார். இதில் ஒரு விரற்கடைதான் மிச்சம், தீர்ந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை என்றார். பிறகு கட்டிலருகே நின்று, அங்கிருந்தே விவினாவைப் பார்த்துக் கேட்டார்.

“மறுபடியும் கேக்கிறேன், கேக்க வேண்டிய கடமை. இந்த உடம்புல வேற கை பட்டிருக்கா?”

“இல்ல சாமி.”

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் அலெய்டிஸின் பக்கம் திரும்பினார். அவளிடம் கேட்கவில்லை, திரும்பி நின்றார், அவ்வளவுதான். அலெய்டிஸ் குனிந்து ஒரு கரிமண் கட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். தேவையே இல்லாத அளவுக்குத் தீ எரிந்தது.

பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டும், வெளியே போங்கள் என்றார் சாமியார். இரண்டு பெண்களும் பின்கதவுக்கு வெளியே, படித்துறைமேல் நின்றார்கள். அப்போதுதான் விவினாவுக்கு உறைத்தது. அவள் பொய் சொல்லிவிட்டாள். ஆனால் உள்ளே அவன் இனிமேல்தான் பேசப்போகிறான். சாகப்போகிறவன் சாமியாரிடம் ஒன்றை மறைத்தால் மற்ற மன்னிப்பு எல்லாம் பாழ் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மறைக்காமல் சொல்லிவிட்டால் யோஸ் சாமியார் குப்பியை மூடிக்கொண்டு வெளியே வருவார். அவள் கதவுப் பலகையில் காதை வைக்கவில்லை. வைக்க வேண்டுமென்று உடம்பு முழுக்கத் தவித்தது. உள்ளிருந்து முணுமுணுப்பு மட்டும் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கால்வாயில் அவள் உடைத்துவிட்டு வந்த பனிக்கட்டி மெல்ல மெல்ல மறுபடி கூடிக்கொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் சொல்லல பாரு,” என்றாள் அலெய்டிஸ், தண்ணீரைப் பார்த்தபடியே. “அதுவும் பொய்தானே?”

கதவு திறந்தது. யோஸ் சாமியாரின் முகம் தெளிவாக இருந்தது. “நல்லா செஞ்சான்,” என்றார். “வாங்க, ஜெபத்துக்கு நில்லுங்க.”

அவன் சொல்லவில்லை.

அவர் தடவித் தடவி இமையைத் தேடி, காதைத் தேடி, எண்ணெயைத் தொட்டுச் சிலுவை வரைந்தார். சிவந்திருப்பதை அவருடைய கண் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொடுகைக்கும் லாம்சின் சுருங்கினான். வலியில் என்று அவர் நினைத்திருப்பார். வலியில்தான். லத்தீன் சொற்கள் இதமாக ஓடின. சிறு வயதிலிருந்து கேட்ட அதே குரல். அந்தக் குரலைக் கேட்டால் தன் பயம் போய்விடும் என்றுதான் அவள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போய் அவரை அழைத்துவந்தாள். பயம் போகவில்லை. சட்டி நிறைந்து வழிகிற மாதிரி அது எழும்பிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் சாமியாரைக் கரிமண் கொட்டகையில் மறைவாக உட்காரவைத்து, ரொட்டியும் சூடான பீரும் கொடுக்க அலெய்டிஸ் கூட்டிப்போனாள். பொழுது சாய்ந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும்.

விவினா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். லாம்சினின் மூச்சு இப்போது மேலேயே நின்று மேலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“எப்படி?”

“படலன்னு.”

 அவன் கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் எண்ணெய் இப்போது அதே வெடிப்புகளில்.

“நானும் சொல்லல,” என்றான். “சொல்லியிருந்தா அவரு ஒன்னைத்தான் கேப்பாரு. பொய் சொன்னவள்னு ஒதுக்கி வச்சிடுவாரு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா வரமாட்டாரு.”

“பேசாதீங்க. மூச்சு வாங்குது.”

 கூரையைப் பார்த்தான். பிறகு பார்வையை இறக்கி அவளைப் பார்த்தான். அவன் கண்களில் இருந்த பயம் நேற்றிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த பயமில்லை. அது திசை மாறியிருந்தது.

“எனக்கு ரெண்டு பேரும் பூசியாச்சு,” என்றான். “இப்ப ஒனக்கு யாருடி இருக்கா?”

அதற்கு அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். பிறகு பல நாட்கள், சொல்லியிருக்கக்கூடிய பத்துப் பதில்களை யோசித்தாள். அப்போது ஒன்றும் வரவில்லை. அவன் காத்திருந்தான். காத்திருந்த கண்கள் அப்படியே இருந்தன. மூச்சு மட்டும் அடுத்தது வரவில்லை. அலெய்டிஸ் திரும்பி வந்து, இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவருகிலேயே நின்றாள்.

வாசலில் துக்கத்துக்கு வைக்கோல் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வர வேண்டியிருந்தது. வந்த ஒவ்வொருத்தியும் விவினாவின் காதருகே குனிந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: யார் பூசினது? அவள் கேட்காதது போல இருந்துவிட்டாள். சாயங்கால இருட்டில் யோஸ் சாமியாரைக் கொண்டுபோய் விட்டாள். நீர்வாசலில் கோப்பின் ஒன்றும் பேசாமல் சங்கிலியை இறக்கினான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அல்லது இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பிணத்தை எடுக்கத் திபோ வந்தார். கல்லறைத் தோட்டத்தின் சாவி அவரிடம்தான். கூடக் கோயில்பிள்ளை வந்தான். மணி அடிக்கிறவன், மண்ணைத் தோண்டுகிறவன், யார் பூசைக்கு வரவில்லை என்று பிரபுவின் ஆட்களிடம் போய்ச் சொல்கிறவனும் அவனே. திபோவின் அங்கியில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. வரும் வழியில் யாரோ எறிந்திருக்கிறார்கள்.

தீர்த்தம் தெளிப்பதற்காக முகத்துணியை விலக்கினார். விலக்கியபடியே நின்றுவிட்டார்.

சாவில் மற்ற இடமெல்லாம் மெழுகாக வெளுத்திருந்தது. இமைகளும் காதுகளும் மூக்கின் ஓரமும் உதடும் மட்டும் உரித்த மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தன. துணிக்கு வெளியே தெரிந்த உள்ளங்கையும் அப்படியே. அவர் நேற்றுக் காலை தொட்ட இடங்கள். வேறு எங்கும் இல்லை. விவினா தரையைப் பார்த்தாள். கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவள் மனம் அளந்தது. போகத்தான் எங்கே இருக்கிறது.

கோயில்பிள்ளை எட்டிப் பார்த்தான். “இதென்ன, வேணும்னு தேச்ச மாதிரி இருக்கு?”

 அலெய்டிஸ் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“குளிர்,” என்றார் திபோ. சொற்களைத் தேடித் தேடி எடுத்தார். “குளிர் இப்படி பண்ணும். எங்க ஊர்... நான் பாத்தது உண்டு.”

தானே குனிந்து துணியை இழுத்து முகத்தை மூடினார். கைகளையும் உள்ளே தள்ளி மூடினார். மூடும்போது கோயில்பிள்ளையை அவர் ஓரக்கண்ணால் பயந்து பார்த்ததை விவினா கவனித்தாள். இந்த ஊரில் கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. பாதிப் பேர் திபோ பூசை வைக்கிற இடத்துக்குள் வரமாட்டோம் என்று மதிலுக்கு வெளியே நின்றார்கள். உறைந்த மண்ணைக் கோயில்பிள்ளை கடப்பாறையால் கிளறினான். திபோ புத்தகத்தைத் திறந்து படித்தார். விவினா கேட்டுக்கொண்டே நின்றாள். ஊர்ப் பாஷையில் திக்கித் திணறுகிற மனிதர் லத்தீனில் தண்ணீர் போல ஓடினார். யோஸ் சாமியார் அவளுடைய அம்மாவைப் புதைத்தபோது சொன்ன அதே சொற்கள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. எங்கே நிறுத்தி மூச்சு வாங்கவேண்டும் என்பதுகூட அதேதான்.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் அவளிடம் வந்தார். கோயில்பிள்ளை தூரத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என் எண்ணெய்,” என்றார் தாழ்ந்த குரலில். “கெட்டதா?”

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“எனக்குத் தெரியல சாமி,” என்றாள். அவரைச் சாமி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தலையாட்டினார். தனக்கும் தெரியாது என்பதுபோல இருந்தது. மேலே ஒன்றும் கேட்காமல் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாஸ்குவுக்கு முந்தின தவசு காலம் முழுக்க இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. இரவில் அலெய்டிஸ் தூக்கத்தில் எழுந்து உட்காருவாள். இவளும் விழித்துத்தான் இருப்பாள். “என்ன மதினி?” என்றால், “ஒண்ணுமில்ல, படு,” என்பாள். தெருவில் வேகமாக யார் நடந்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்ப்பார்கள்.

பாஸ்கு ஞாயிறு வந்தது. கென்டுக்குப் போகிறவர்கள் முதல்நாளே கிளம்பிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் எல்லோரும் போயிருந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்றாள். காலையில் அலெய்டிஸ் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளூர்க் கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, “வர்றியா?” என்றாள். பின்னாலேயே வருகிறேன் என்றாள் விவினா.

கிளம்பத்தான் செய்தாள். நல்ல பாவாடை உடுத்தி, தலைத்துணியை மடித்துக் கட்டி, கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். பாதித் தெருவில் கால் நின்றது. நன்மை வாங்குவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். யோஸ் சாமியாரிடம் போய்ச் சொல்வதா, உங்களிடம் பொய் சொன்னேன் என்று? திபோவிடம் போய்ச் சொல்வதா, உங்கள் தைலத்தைத் துடைத்தேன் என்று? யாரிடம் எதைச் சொன்னால் அது சொன்னதாக ஆகும்? தெருவில் ஒருவரும் இல்லை. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, தன்னந்தனியாக வெயிலில் நின்றாள்.

கோயிலில் மணி அடித்தது. அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற நேரத்து மணி. அவள் யோசிப்பதற்குள் முழங்கால்கள் தாமாக மடங்கிக் கல்தரையில் ஊன்றின. கோயில் அவளுடைய முதுகுப்பக்கம் இருந்தது. கென்ட் எந்தத் திசை என்று அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. அவள் திரும்பவில்லை. நின்ற பக்கமே பார்த்து மண்டியிட்டிருந்தாள். எதிரே, கென்டுக்குப் போனவர்கள் எடுக்க மறந்த ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வந்தபோது அதன் ஒரு கை மட்டும் மெல்ல எழும்பி, மறுபடி தாழ்ந்தது.